ஜப்பான்காரன் வட்டியை ஏத்தினா நம்ம ஐடி ஷேர் ஏன் விழணும்?

கேள்வி (2024 ஆகஸ்ட் 5, மாலை 4.10)
இன்னிக்கு சென்செக்ஸ் 2,222 புள்ளி காலி. டிவியைப் போட்டா ஜப்பான், ஜப்பான்னு கத்துறாங்க. அவன் கால் சதவீதம் வட்டி வச்சதுக்கு என்கிட்ட இருக்கிற ஐடி ஷேர் எதுக்கு அடி வாங்கணும்? அந்தக் கம்பெனிக்கு ஜப்பான்ல பெருசா வியாபாரமே கிடையாது. வித்துடலாமா, இல்ல இன்னும் வாங்கிப் போடலாமா?

ஆகஸ்ட் 5, இரவு 9.40
விக்கிறதா வாங்குறதான்னு நான் சொல்ல மாட்டேன். அதுக்கு லைசென்ஸ் வாங்கினவங்க இருக்காங்க. ஏன் விழுந்துச்சுங்கிறது மட்டும்.

பல வருஷமா யென்ல கடன் கிட்டத்தட்ட சும்மா கிடைச்சுது. ஜப்பான் மத்திய வங்கி போன மார்ச் வரைக்கும் வட்டியை பூஜ்யத்துக்குக் கீழதான் வச்சிருந்துது. அமெரிக்காவுல வட்டி 5.25-5.50. யென்ல கடன் வாங்கு, டாலரா மாத்து, அமெரிக்க பாண்டோ (கடன் பத்திரம்) என்விடியா ஷேரோ வாங்கிப் போடு, நடுவுல இருக்கிற வித்தியாசத்தைச் சாப்பிடு. கேரி டிரேட்னு டிவியில சொல்றது இதைத்தான். ஜூலை 31-ல ஜப்பான் வட்டியை 0.25% ஆக்குச்சு. ஆகஸ்ட் 2-ல அமெரிக்க வேலையின்மை 4.3%னு வந்துச்சு, அங்க வட்டி இறங்கப் போகுதுன்னு எல்லாரும் முடிவு கட்டிட்டாங்க. ரெண்டு பக்கமும் இடைவெளி சுருங்கவும் யென் எகிறிடுச்சு.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. டாலருக்கு 160 யென் இருந்தப்ப 1.6 கோடி யென் கடன் வாங்கினவன் கையில ஒரு லட்சம் டாலர். இன்னிக்கு டாலர் 142-ஐத் தொட்டுச்சு. அதே 1.6 கோடி யென்னைத் திருப்பிக் கட்ட இப்ப 1,12,700 டாலர் வேணும். அவன் வாங்கின ஷேர் ஒரு பைசா இறங்காட்டியும் 12,700 டாலர் போச்சு. அவனோட சொந்தப் பணம் 20,000 டாலர்தான்னா அதுல பாதிக்கு மேல காலி. புரோக்கர் போன் பண்ணி இன்னும் பணம் கட்டுன்னுவான். கடன் வாங்கினவன் கையில இருக்கிறதை விப்பான். எதை விப்பான்? அதை நாளைக்கு எழுதுறேன், தூக்கம் வருது.

ஆகஸ்ட் 6, காலை 11.15
நேத்து 12.4% விழுந்த ஜப்பான் பங்குக் குறியீடு நிக்கேய் இன்னிக்கு 10% மேல ஏறிட்டு நிக்குது. நேத்து விழுந்தது 1987 அக்டோபருக்கு அப்புறம் மோசமான நாள். ராத்திரி மூணு மணிக்கு வித்துட்டேன்னு மேல ஒருத்தர் எழுதியிருக்கார். ராத்திரி மூணு மணிக்கு எந்த மார்க்கெட்ல வித்தீங்க சார்?

ஆகஸ்ட் 6, இரவு 10.05
எதை விப்பான்னு விட்டிருந்தேன்.

அவசரத்துக்கு அடகுக் கடைக்கு ஓடுறவன் உடைஞ்ச கட்டிலையா தூக்கிட்டுப் போவான்? பீரோவுல இருக்கிற நகையைத்தான் எடுப்பான். பணம் கட்டியாகணும்னு நெருக்கடி வந்த ஃபண்டும் அப்படித்தான். நல்ல விலைக்கு உடனே போறது எதுவோ, இதுவரைக்கும் லாபத்துல இருக்கிறது எதுவோ, அதை முதல்ல விப்பான். இந்த வருஷம் உலகம் பூரா லாபத்துல இருந்தது டெக்னாலஜி ஷேர்தான். அதனாலதான் தைவான்ல சிப் செய்யுற டிஎஸ்எம்சி ஒரே நாள்ல கிட்டத்தட்ட 10%, கொரியாவுல சாம்சங் 10%, அமெரிக்காவுல என்விடியா 6% மேல. டிஎஸ்எம்சிக்கு ஆர்டர் ஏதாவது குறைஞ்சுதா? ஒண்ணுகூட இல்லை. விழுந்த கம்பெனியோட தொழிலுக்கும் விழுந்ததுக்கும் சம்பந்தமே இல்லைங்கிறது இந்த மாதிரி நாளோட அடையாளம்.

இது ஒரு வழி. விக்கிறவன் கையில பணம் இல்லாம விக்கிறது. இன்னொரு வழி இருக்கு: சரக்கு வாங்குற கஸ்டமர் கையில பணம் இல்லாம ஆர்டரைக் குறைக்கிறது. முதல் வழியில அடி ஒரே நாள்ல வரும், டிவியில வரும். ரெண்டாவது வழியில வர்றது டிவியில வராது. ஒரு மெயில்ல வரும். என்னைக் கேட்டா அதுதான் நிஜ அடி.

ஆகஸ்ட் 8, காலை
“இதெல்லாம் ரெண்டு நாள் கூத்து, ஜப்பான் துணை கவர்னரே மார்க்கெட் ஆடுறப்ப வட்டியை ஏத்த மாட்டோம்னு சொல்லிட்டார், கண்ணை மூடிட்டு வாங்குங்க”ன்னு ஒரு தம்பி. ஜப்பான் மத்திய வங்கித் துணை கவர்னர் உச்சிதா அப்படிச் சொன்னது நேத்துதான், சரி. இந்தத் தடவை ரெண்டு நாள் கூத்தா இருக்கலாம். எல்லாத் தடவையும் அப்படின்னு நினைச்சுக்காதே தம்பி, 1997-ஐப் பாரு.

தாய்லாந்து நாணயம் பாட் சரிஞ்சது ஜூலை 2. அமெரிக்காக்காரன் கண்டுக்கவே இல்லை. அக்டோபர் 27-ல ஹாங்காங் ஆட்டம் கண்டு அமெரிக்கக் குறியீடு டவ் ஜோன்ஸ் 554 புள்ளி விழுந்து, வியாபாரத்தையே சீக்கிரம் மூடினாங்க. மறுநாள் ஐபிஎம் 350 கோடி டாலருக்கு சொந்த ஷேரையே திரும்ப வாங்குறேன்னுச்சு, டவ் 337 புள்ளி ஏறிடுச்சு. எல்லாரும் அப்பாடான்னாங்க. முதல் வழி அதோட முடிஞ்சுது.

டிசம்பர் 9-ல அமெரிக்க சாஃப்ட்வேர் கம்பெனி ஆரக்கிள் ஷேர் ஒரே நாள்ல 29% காலி. காலாண்டு முடிவு எதிர்பார்த்ததுக்குக் கீழ, ஆசியாவுல விற்பனை படுத்துடுச்சுன்னாங்க. பாட் சரிஞ்சு அஞ்சு மாசம் கழிச்சு. பாங்காக்ல இருக்கிறவன் ஜூலையில ஆர்டரை ரத்து பண்ண மாட்டான். ஒத்திப்போடுவான். ஒரு காலாண்டு தாங்கும், ரெண்டாவதுல கணக்குப் புத்தகத்துல தெரியும்.

ஆகஸ்ட் 8, மதியம்
ஆரக்கிள் பத்தி ஒரு துணுக்கு விட்டுப்போச்சு. அந்தக் காலாண்டுல அவங்க டேட்டாபேஸ் விற்பனையே மந்தமாத்தான் இருந்துது, ஆசியா மட்டும் காரணமில்லை. வெளிநாட்டு நெருக்கடின்னு ஒண்ணு வந்தா உள்ளூர்ல இருக்கிற அழுக்கையும் சேர்த்து அதும்மேல போட்டுடலாம். எந்த கம்பெனி காலாண்டு அறிக்கையையும் இந்தச் சந்தேகத்தோட படிக்கிறது நல்லது.

ஆகஸ்ட் 10
கொரியா பத்தி ஒருத்தர் கேட்டிருந்தார். இது தலைப்பை விட்டு விலகும், ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை.

1997 டிசம்பர்ல கொரியா ஐ.எம்.எஃப். தலைமையில சுமார் 5,800 கோடி டாலர் உதவிக்குக் கையெழுத்து போட்டுச்சு. அடுத்த மாசம் ஜனங்க வரிசையில நின்னு மோதிரம், சங்கிலி, குழந்தைக்குப் போட்ட காப்புன்னு கொடுத்தாங்க. 227 டன் தங்கம் சேர்ந்துது. அரசாங்கம் இன்னொரு பக்கம் பெரிய குழுமங்களைப் பிடிச்சு, ஒரே தொழிலை ஆளாளுக்குப் பண்ணாதீங்க, சேருங்கன்னு நெருக்கினது. எல்ஜியோட சிப் கம்பெனி ஹூண்டாய் எலக்ட்ரானிக்ஸ் கைக்குப் போச்சு. கடன் மேல கடன். 2001-ல ஹைனிக்ஸ்னு பேரை மாத்தினாங்க. 2002-ல அமெரிக்காவோட மைக்ரான் வாங்கப் பார்த்துது, ஹைனிக்ஸ் போர்டு வேண்டாம்னுடுச்சு. 2012-ல எஸ்கே குழுமம் வாங்குச்சு. இன்னிக்கு என்விடியாவோட ஏஐ சிப்புக்குப் பக்கத்துல உக்கார்ற ஹெச்பிஎம் மெமரியில முன்னணியில இருக்கிறது அதே எஸ்கே ஹைனிக்ஸ்தான்.

இதுக்கு எதிர்க் கதை ஜப்பான்ல. என்இசி, ஹிட்டாச்சி மெமரி தொழிலைச் சேர்த்து உண்டாக்கினது எல்பிடா. 2008-ல லேமன்ங்கிற அமெரிக்க பேங்க் விழுந்தப்பவும் இப்ப மாதிரியே கேரி டிரேட் கலைஞ்சு யென் ஏற ஆரம்பிச்சுது. 2007-ல டாலருக்கு 120 யென்னுக்கு மேல இருந்தது 2011 அக்டோபர்ல 75. சரக்கை டாலர்ல விக்கிறான், செலவை யென்ல பண்றான், மெமரி விலையும் கிடையா கிடக்குது. 2012 பிப்ரவரில எல்பிடா திவால் மனு. அமெரிக்க வீட்டுக்கடன்ல ஆரம்பிச்ச நெருக்கடி ஹிரோஷிமாவுல இருந்த சிப் ஃபேக்டரியைக் கொண்டுபோய் மைக்ரான் கையில கொடுத்துடுச்சு. எல்பிடா லேமன்கிட்ட ஒரு டாலர் கடன் வாங்கியிருக்கணும்னு அவசியமே இல்லை.

அப்ப மேல ரெண்டு வழின்னு சொன்னது போதாது. நாணயம்னு மூணாவது ஒண்ணு இருக்கு. அது மெதுவா, வருஷக்கணக்குல கொல்லும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு
சொந்த அனுபவம் கேட்டாங்க. கொஞ்சம் நீளம்.

2008-ல நான் சென்னை ஓஎம்ஆர்ல ஒரு பெரிய சர்வீஸ் கம்பெனில. கிளையண்ட் ஒரு அமெரிக்க பேங்க். செப்டம்பர் 15 லேமன் திவால்னு வந்த அன்னிக்கு கேன்டீன்ல எல்லாரும் சென்செக்ஸ் பத்தித்தான் பேசினோம். எங்க பிராஜெக்ட்ல ஒண்ணுமே நடக்கலை. அந்த வாரம் ரிலீஸ், வழக்கம்போல ராத்திரி கால். அக்டோபர் 27-ல சென்செக்ஸ் 8,000-த்துக்குக் கீழ போய் வந்துது, ஜனவரில 21,000 தொட்ட குறியீடு. அப்பவும் பிராஜெக்ட்ல ஒண்ணும் இல்லை. வேலை இருக்குல்ல, ஷேர் போனா போகட்டும்னு மேனேஜர் தைரியம் சொன்னார்.

மெயில் நவம்பர் கடைசில வந்துது. எல்லா வெண்டரும் ரேட்டைக் குறைக்கணும்னு. கோபமில்லாம, ரொம்ப மரியாதையா எழுதியிருந்தாங்க. அப்புறம் ஒவ்வொண்ணா. ஆன்சைட் பயணம் நிறுத்தம். புது வருஷத்துக்கு ஒப்புக்கிட்ட ரெண்டு வேலை “பட்ஜெட் வரட்டும்”னு தள்ளிப்போச்சு. காலேஜ்ல செலக்ட் ஆன பசங்களுக்குச் சேர்ற தேதி வரவே இல்லை. என் சித்தப்பா பையன் ஆஃபர் லெட்டரை வச்சுக்கிட்டு வீட்ல உக்கார்ந்திருந்தான், சொந்தக்காரங்க எல்லாம் கேட்டு உயிரை எடுத்தாங்க. எங்க டீம்ல பாதிப் பேர் பிராஜெக்ட் இல்லாம பெஞ்சுக்குப் போனது 2009 ஏப்ரலுக்கு மேல. நானும் அதுல.

இது ஏதோ என் கம்பெனி கதை மட்டும் இல்லை. இன்ஃபோசிஸ் டாலர் வருமானத்தைப் பாருங்க: 2008 மார்ச்சோட முடிஞ்ச வருஷம் 35% வளர்ச்சி, அடுத்த வருஷம் 12% சுமாரு, அதுக்கு அடுத்த வருஷம் 3%. லேமன் விழுந்த வருஷத்தைவிட மறுவருஷம்தான் மோசம். 2009 ஏப்ரல்ல அவங்க கைடன்ஸ் (வரப்போற வருஷத்துக்கான கணிப்பு) கொடுத்தப்ப, வருமானம் 3.1%-லேர்ந்து 6.7% வரைக்கும் குறையும்னே சொன்னாங்க. கடைசில அவ்வளவு மோசமாகலை.

எனக்கு இப்பவும் உறுத்துறது என்னன்னா, நாங்க பெஞ்சுல உக்கார்ந்து டிரெய்னிங் வீடியோ பார்த்துட்டிருந்தப்ப ஷேர் எல்லாம் ஏறிட்டிருந்துது. 2009-ல சென்செக்ஸ் 81% ஏறிச்சு. அப்ரைசல் இல்லை, வேரியபிள் பே இல்லை, லோன் இஎம்ஐ மட்டும் இருக்கு, டிவியில மார்க்கெட் கொண்டாட்டம். ஷேர் வச்சிருக்கிறவனுக்கு நெருக்கடி முடிஞ்ச தேதியும் சம்பளம் வாங்குறவனுக்கு அது ஆரம்பிச்ச தேதியும் கிட்டத்தட்ட ஒண்ணு.

சத்யம் பத்திக் கேட்டவருக்கு: அந்த ஐடி கம்பெனியோட கணக்கு மோசடி வெளிய வந்தது 2009 ஜனவரி 7. அது வெளிநாட்டு நெருக்கடி இல்லை, உள்ளூர்த் தயாரிப்பு.

ஆகஸ்ட் 13
“ரூபாய் விழுந்தா ஐடி கம்பெனிக்கு லாபம்தானே, அப்ப நெருக்கடி நல்லதுதானே?”

பாதி உண்மை. 2013-ல அமெரிக்க மத்திய வங்கி பாண்டு வாங்குறதைக் குறைப்போம்னு வாயைத் திறந்ததும் ரூபாய் ஆகஸ்ட் 28-ல டாலருக்கு 68.8 வரைக்கும் போச்சு. பேங்க் ஷேர் எல்லாம் அழுதுச்சு, ஐடி ஷேர் ஏறிச்சு. அங்க கஸ்டமருக்கு ஒண்ணும் ஆகலை. அமெரிக்கா தேறி வந்துட்டிருந்ததாலதான் அந்தப் பேச்சே. அதனால லாபம்.

2008-ல ரூபாய் 39-லேர்ந்து 50-க்குப் போச்சு. ஆனா ரூபாய் இன்னும் ஏறிடும்னு பயந்து டாலரை 40-க்கே முன்கூட்டி வித்து வச்சிருந்த கம்பெனிகளுக்கு அந்தச் சரிவே நஷ்டம். கஸ்டமரும் சும்மா இருக்க மாட்டான், உனக்குத்தான் ரூபாய்ல கூட வருதே, ரேட்டைக் குறைன்னு கேட்பான். எங்களுக்கு வந்த மெயில்ல அதை எழுதலை, கால்ல சொன்னாங்க.

இதுலயே பெரிய கூத்து நம்ம ஊர்ல நடந்தது. திருப்பூர் ஏற்றுமதிக்காரங்க பனியனை டாலருக்கு விக்கிறவங்க. பேங்க்காரங்க பேச்சைக் கேட்டு சுவிஸ் பிராங்க் விலை எப்படிப் போகும்ங்கிறதை வச்சுப் போட்ட டெரிவேட்டிவ் ஒப்பந்தத்துல 2007-08-ல கையைச் சுட்டுக்கிட்டாங்க. பனியனுக்கும் சுவிஸ் பிராங்க்குக்கும் என்ன சம்பந்தம்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியலை. கோயம்புத்தூர் பக்கத்துலேர்ந்து ஒரு சர்க்கரை ஆலையோட வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் வந்துது. இது வெறும் சூதாட்டம்னு ஆலை வாதாடினதை கோர்ட் ஏத்துக்கலை.

ஆகஸ்ட் 17
நிக்கேய் நேத்து 38,000-க்கு மேல முடிஞ்சிருக்கு. ஆகஸ்ட் 5-ல 31,458. என்விடியாவும் 100 டாலர்லேர்ந்து நல்லா எழுந்துடுச்சு. கண்ணை மூடிட்டு வாங்குன்னு சொன்ன தம்பி இன்னிக்கு மூணு பதிவு போட்டிருக்கார், அனுபவிங்க.

ஆனா எனக்கு இன்னொரு யோசனை. வெளிநாட்டு நெருக்கடி டெக் ஷேரை இறக்கும்னே பேசிட்டிருக்கோம். 1998 நேர்மாறு. ஆகஸ்ட் 17-ல ரஷ்யா கடனைக் கட்ட மாட்டேன்னுச்சு. இன்னிக்கு 26 வருஷம், தற்செயல்தான். அதுல மாட்டின எல்டிசிஎம்ங்கிற அமெரிக்க ஹெட்ஜ் ஃபண்டைக் காப்பாத்த செப்டம்பர்ல 14 பேங்குகள் சேர்ந்து 360 கோடி டாலர் போட்டுச்சு. ஜூலையில 2,000-த்தைத் தாண்டியிருந்த நாஸ்டாக் (டெக் ஷேர் நிறைஞ்ச அமெரிக்கக் குறியீடு) அக்டோபர்ல 1,400 பக்கம் வந்துது. பயந்துபோன அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் கிரீன்ஸ்பான் ரெண்டு மாசத்துக்குள்ள மூணு தடவை வட்டியைக் குறைச்சார். அமெரிக்கப் பொருளாதாரத்துக்கு அப்ப அது தேவையே இல்லை, நல்லாத்தான் ஓடிட்டிருந்துது. அந்த மலிவுப் பணம் எங்க போச்சு? 1999-ல நாஸ்டாக் 85% மேல ஏறிச்சு. ரஷ்யா திவாலான புண்ணியத்துல டாட்காம்னு பேர் வச்ச கடையெல்லாம் கோடீஸ்வரன் ஆச்சு. டாட்காம் குமிழிக்கு அது ஒண்ணே காரணம்னு சொல்லலை. எண்ணெய் ஊத்தினதுல அதுக்கும் பங்கு உண்டு.

அதனால நெருக்கடி வந்த அன்னிக்கு நான் முதல்ல பார்க்கிறது அந்த ஊர் மார்க்கெட்டை இல்லை. அமெரிக்க மத்திய வங்கிக்காரன் முகத்தை.

ஆகஸ்ட் 18
ஒரே வரி சேர்க்க வந்தேன், நாலு வரியாயிடுச்சு. நாணயம் ஆடினா டெக் ஷேர் விழுதுன்னு சொன்னேன். டெக் கம்பெனி ஒரு கடிதம் போட்டு நாணயம் ஆடின கதையும் உண்டு. 2019 ஜனவரி 2-ல ஆப்பிள் டிம் குக், சீனாவுல விற்பனை மந்தம், காலாண்டு வருமானம் 8,400 கோடி டாலர்தான் வரும்னார். முன்னாடி சொன்னது 8,900-லேர்ந்து 9,300 கோடி. ஜப்பான்ல புத்தாண்டு விடுமுறை, சந்தையில ஆளே இல்லை. சில நிமிஷத்துல யென் 4% பக்கம் எகிறிச்சு. ஆப்பிள் ஷேர் மறுநாள் 10% காலி. ஆனா அதே டிம் குக் 2015 ஆகஸ்ட் 24-ல சீன மார்க்கெட் 8.5% விழுந்தப்ப, சீனாவுல எங்க வியாபாரம் நல்லா இருக்குன்னு ஒரு டிவிக்காரருக்கு மெயிலே போட்டார். அது முதல் வழி, 2019 ரெண்டாவது வழி. ரெண்டுலயும் ஊர் சீனாதான்.

செப்டம்பர் 19
அமெரிக்காவுல வட்டி நேத்து அரை சதவீதம் குறைஞ்சுது. எங்க கிளையண்ட் பட்ஜெட் பேச்சு அடுத்த மாசம்தான். இந்த இழையை இங்கேயே விடுறேன்.

2025 ஏப்ரல் 7
விடலை. இன்னிக்கு சென்செக்ஸ் 2,227 புள்ளி காலி. போன தடவை 2,222. எவனோ உக்கார்ந்து எண்ணி எண்ணிக் குறைக்கிறான்.

டிரம்ப் ஏப்ரல் 2-ல போட்ட இறக்குமதி வரி. புதுசா வந்த ஒருத்தர் கேட்கிறார்: வரி சரக்குக்குத்தானே, சாஃப்ட்வேர் சர்வீஸுக்கு இல்லையே, ஐடி ஏன் விழுது? சரியான கேள்வி. மேல ஆகஸ்ட் 6 குறிப்பைப் படிங்க. ஆனா இந்தத் தடவை எனக்கு முதல் வழி மட்டும்னு தோணலை. எங்க டீம் கிளையண்ட் இப்ப பேங்க் இல்லை, அமெரிக்க சில்லறைக் கடைச் சங்கிலி. அவங்க விக்கிற சாமான்ல பாதி சீனாவுலயும் வியட்நாம்லயும் செஞ்சது. நம்ம மேல வரி இல்லை. நமக்குச் சம்பளம் கொடுக்கிறவன் மேல இருக்கு.

ஏப்ரல் 10
டிரம்ப் வரியை 90 நாள் தள்ளிவச்சுட்டாராம். நாஸ்டாக் ஒரே நாள்ல 12% ஏறிடுச்சு. ‘வித்துட்டேன்’ பார்ட்டிக்கு ஆழ்ந்த அனுதாபங்கள். எங்க மேனேஜர் சொன்னது: 90 நாள் தள்ளிவச்சா கிளையண்டும் 90 நாள் தள்ளிவைப்பான். இது எனக்கு வரியைவிட மோசமாப் படுது. வரி எவ்வளவுன்னு தெரிஞ்சா கணக்கு போட்டு வேலையை ஆரம்பிப்பான். தெரியலைன்னா சும்மா உக்கார்ந்திருப்பான்.

ஏப்ரல் 18
ஷேர் தேறிடுச்சு, நெருக்கடி முடிஞ்சுதுன்னு எழுதினவங்களுக்கு. விப்ரோ அடுத்த காலாண்டு வருமானம் 1.5%-லேர்ந்து 3.5% வரைக்கும் குறையும்னு சொல்லியிருக்கு. நேத்து இன்ஃபோசிஸ் இந்த வருஷ வளர்ச்சி பூஜ்யத்துலேர்ந்து 3% வரைக்கும்னு சொல்லியிருக்கு. ஆகஸ்ட் 11-ல எழுதின 35, 12, 3 வரிசையைத் திரும்ப ஒரு தடவை பாருங்க.

2008 அளவுக்கு வரும்னு நான் சொல்லலை. அப்ப கிளையண்ட் பேங்குகளே விழுந்துச்சு. இப்ப எவனும் விழலை, செலவு பண்ணத் தயங்குறான், அவ்வளவுதான். அதோட ஏஐயைக் காட்டி ரேட்டைக் குறைக்கச் சொல்றது தனிக் கச்சேரி. எதை வரிமேல போடுறாங்க, எதை ஏஐமேல போடுறாங்கன்னு பிரிக்கிறது கஷ்டம், ஆரக்கிள் ஆசியாமேல போட்ட மாதிரிதான்.

எங்க டீம்ல ரெண்டு வேலை “பட்ஜெட் வரட்டும்”ல நிக்குது. ஜூலை நடுவுல காலாண்டு முடிவு வரும், அப்ப வந்து எழுதுறேன். அதுவரைக்கும் என்னை டேக் பண்ணி ‘வாங்கலாமா’ன்னு கேட்காதீங்க.